உச்சிக்கு 25 டிகிரி முன்னால் ஒரு பொறி

செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் இருப்பது லைகாமிங் ஓ-320 இன்ஜின். அதில் பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் 25 டிகிரி சுழற்சி பாக்கி இருக்கும்போதே ஸ்பார்க் பிளக்கில் பொறி பறந்துவிடும். ஏன் இந்த அவசரம்? எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. தீ சிலிண்டர் முழுக்கப் பரவ நேரம் வேண்டும். 2700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2700 சுற்று) வேகத்தில் 25 டிகிரி என்பது சுமார் 1.5 மில்லிவினாடிதான். அந்த அவகாசத்தில் தீ வளர்ந்தால்தான், பிஸ்டன் உச்சி தாண்டி இறங்கத் தொடங்கியதும் அழுத்தம் முழு பலத்தோடு அதைத் தள்ளும். பொறி முந்தினால் சிலிண்டர் கடுமையாகச் சூடேறும். பிந்தினால் சக்தி குறைந்து, வெப்பம் எக்ஸாஸ்ட் வழியே வீணாகும்.

பொறியைத் தருவது மேக்னெட்டோ. இன்ஜின் சுழற்றும் காந்தம் ஒரு சுருளில் மின்சாரத்தை உண்டாக்க, பாயின்ட் என்ற சிறு மின் தொடர்பு திறக்கும் நொடியில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. பேட்டரி தேவையே இல்லை. இப்படி இரண்டு மேக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு பிளக்.

டைமிங், அதாவது பொறி பறக்கும் நேரம், தானாகவே நகரும். பாயின்ட்டின் முகம் அரிக்கப்பட்டால் அது சீக்கிரம் திறந்து பொறி முந்தும். பாயின்ட்டைத் திறக்கும் கேமில் (மேடுள்ள சுழல் துண்டில்) உரசும் பகுதி தேய்ந்தால் பிந்தும். இரண்டும் சேர்ந்தே நடப்பதால், ஒன்று மற்றொன்றைக் கொஞ்ச நாள் மறைத்துவைக்கவும் கூடும்.

சோதிக்கும் முன் மேல் பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். இதில் சமரசமே கூடாது. சுவிட்சை அணைப்பது என்றால் மேக்னெட்டோவை எர்த் செய்வது. அந்த எர்த் ஒயர் அறுந்திருந்தால் சாவியை எடுத்த பிறகும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். அப்போது கையால் திருப்பினால் இன்ஜின் பற்றிக்கொண்டு, புரொப்பல்லர் ஆளையே வெட்டிவிடும்.

அப்புறம், முதல் சிலிண்டரின் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துப் புரொப்பல்லரைத் திருப்பினால், காற்று விரலைத் தள்ளும்போது அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் அழுத்திக்கொண்டே மேலேறும் கட்டம்) என்று தெரியும். 25 டிகிரிக் குறியைத் தாண்டிப் பின்னே கொண்டுபோய், மெதுவாக முன்னே வர வேண்டும். பற்சக்கரங்களின் தளர்வு அப்போதுதான் நீங்கும். பாயின்ட் திறப்பதை டைமிங் லைட் காட்டும். அது குறியில் நிகழவில்லையென்றால், மேக்னெட்டோவின் நட்டைத் தளர்த்தி உடலைச் சற்றே திருப்பிச் சரிசெய்வார்கள்.

பைலட்டும் புறப்படும் முன் ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார். ஒரு பிளக் மட்டும் எரித்தால் தீ முழுத் தூரமும் போக வேண்டும், அதனால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும். இறங்கவே இல்லையென்றால் நல்ல செய்தி என்று நினைக்கக் கூடாது: எர்த் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது டைமிங் முந்தியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் விமானம் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.