யாரை யார் 'ஈடுபடுத்துவது'?

போன மாதம் ஒடுகத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஜவ்வாது மலையில் மரம் நட்டு, காற்றில் கலந்த கார்பனை மரத்திலும் மண்ணிலும் பிடித்து வைக்கும் திட்டம் பற்றிய கூட்டம். மேடைக்குப் பின்னால் இருந்த பேனரில் 'காலநிலைத் தீர்வுகளில் பழங்குடிச் சமூகங்களை ஈடுபடுத்துதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பேசிய நான்கு பேரும் அதையே சொன்னார்கள். என் பக்கத்தில், அந்த மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தையிலிருந்து வந்த ஒரு பெரியவர் பேனரை நிதானமாகப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஈடுன்னா ஈட்டுப் பத்திரத்துல வர்ற ஈடுதானே சார்? எங்க நெலத்தையா கேக்கறாங்க?"

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. இடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ஈடு ஆகிறது, கெடு கேடு ஆவது போல, சுடு சூடு ஆவது போல. அதற்கு அடமானம், பிணை, சமம், இழப்புக்கு மாற்று என்று பல பொருள். கார்பன் வணிகத்தில் ஒரு நிறுவனம் தான் விட்ட புகைக்கு வேறிடத்தில் சரிக்கட்டுவதைக்கூட 'ஈடுசெய்தல்' என்றுதான் சொல்கிறோம். சரி, ஈடுபடு என்றால்? மனம் ஒன்றிப்போவது. பாசுரத்தில் ஈடுபட்டார், உழவில் ஈடுபட்டார் என்றால் அவராக விரும்பிச் செய்தார் என்று பொருள். அதில் 'த்து' சேர்த்தவுடன் பிறவினை. செய்ய வைப்பவர் ஒருவர், செய்ய வைக்கப்படுபவர் இன்னொருவர்.

இந்தச் சொல் நம் ஊரில் எங்கே புழங்குகிறது என்று பாருங்கள். 'குழந்தைகளை வேலையில் ஈடுபடுத்துவது குற்றம்' என்று கடை வாசலில் ஒட்டியிருக்கும். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணத்துக்காகச் சிக்கிக்கொண்ட இருளர் குடும்பங்களை மீட்டால், 'கொத்தடிமைகளாக ஈடுபடுத்தப்பட்டவர்கள்' என்று செய்தி வரும். அதே இருளரைக் காலநிலைத் தீர்விலும் 'ஈடுபடுத்துகிறோம்' என்று எழுத எப்படிக் கை வருகிறது?

பேனரில் இருந்த 'ஈடுபடுத்துதல்' ஆங்கிலத்து 'எங்கேஜ்' என்பதன் மொழிபெயர்ப்பு. அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'காஜ்' என்றால் பிணை, அதாவது நம் ஈடேதான். ஆனால் பழைய பொருளில் எங்கேஜ் ஆகிறவர் தன்னையே வாக்குக்குப் பிணையாக வைக்கிறார். கல்யாண எங்கேஜ்மெண்டில் இரண்டு வீட்டாரும் கட்டுப்படுவது அப்படித்தான். தமிழில் அதை ஈடுபடுத்துதல் ஆக்கியபோது பிணை கைமாறிவிட்டது. வாக்குக் கொடுக்க வேண்டியவர் மேடையில் இருக்கிறார், ஈடாக வைக்கப்படுபவர் மலையில் இருக்கிறார்.

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "வழக்கில் நிலைத்துவிட்டது, விடுங்கள்" என்றார். நிலைத்துவிட்டது என்பதற்காகத் தவறைச் சுமக்க வேண்டுமா? அவர் மாற்றாகச் சொன்னவையும் எனக்குச் சரிப்படவில்லை. 'கலந்தாய்வு' என்றால் பொறியியல் கல்லூரி இடம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 'கருத்துக்கேட்பு' என்றால் முடிவை முன்பே எடுத்துவிட்டு மைக்கை நீட்டுவது என்று மக்கள் அனுபவத்தில் அறிந்து வைத்திருக்கிறார்கள். 'உள்வாங்குதல்' என்று ஒன்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது. கடல் உள்வாங்கினால் கரையில் என்ன மிஞ்சும்? 'பங்கேற்பு' நல்ல சொல், பங்கு என்ற உரிமை அதில் இருந்தது, ஆனால் இன்று கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டாலே பங்கேற்பு.

என் கட்சி இதுதான்: 'பழங்குடியினரோடு கூடித் தீர்வு காணுதல்.' பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'கூடிமுடிவு'. மாற வேண்டியது முதலில் வேற்றுமை உருபு. 'ஐ' போட்டால் அவர்கள் செயப்படுபொருள். 'ஓடு' போட்டால் உடன் செய்கிறவர்கள். பழைய இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இருவர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தால், உயர்ந்தவர் பெயரில்தான் அந்த உருபு சேர வேண்டும் என்கிறது. ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்பதே மரபு. அப்படியானால் 'பழங்குடியினரோடு அதிகாரிகள் கூடி' என்று எழுதும்போது யார் மேலே நிற்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சாமை விளையும் சரிவு எது, மரம் வைத்தால் ஆடு மாட்டுக்கு மேய்ச்சல் எங்கே போகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2007 செப்டம்பர் 13 அன்று ஐநா பொதுச்சபை ஏற்ற பழங்குடி உரிமைப் பிரகடனம், அவர்கள் நிலத்தைத் தொடும் திட்டத்துக்கு முன்கூட்டியே, விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் இசைவு பெற வேண்டும் என்கிறது. நம் 2006 வன உரிமைச் சட்டத்தில் அந்த இடம் கிராம சபைக்கு. இதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடகோடியில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சூரிய ஒளியை மட்டுப்படுத்தும் ஆராய்ச்சிக்காக ஸ்வீடனின் கிருணாவிலிருந்து பலூன் விடத் திட்டமிட்டார்கள். அது கார்பன் பிடிக்கும் வேலை இல்லை, ஆனால் காலநிலைத் தீர்வு என்ற பெயரில் வந்ததுதான். எங்களிடம் பேசவே இல்லையே என்று, அங்கே வாழும் பழங்குடிகளான சாமி மக்களின் மன்றம் 2021இல் கடிதம் எழுதியது. பலூன் பறக்கவில்லை, 2024இல் திட்டமே மூடப்பட்டது.

அப்புறம், இன்னொரு எரிச்சல். அன்று கொடுத்த துண்டறிக்கையில் பழங்குடியினர் ஓரிடத்தில் 'உள்நாட்டு மக்கள்' ஆகியிருந்தார்கள். நாமெல்லாம் வெளிநாடா? ஜவ்வாது மலையில் இருப்பவர்கள் மலையாளிகள், மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். பட்டியல் பழங்குடிகளின் வரிசையில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே வட ஆற்காடு என்று இந்தப் பகுதியின் பழைய மாவட்டப் பெயரும் இருக்கும். துண்டறிக்கை எழுதியவர் அவர்களைக் 'கேரளப் பூர்விகத்தார்' ஆக்கிவிட்டார். பெரியவர் அதைப் படிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.