எண்ணெய் முடிக்குத்தான், பொடுகுக்கு அல்ல

முடிப் பிரச்சினை என்று தோல் மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர், அதற்கு முன்பே வீட்டில் எதையாவது தேய்த்துப் பார்த்திருப்பார்கள். கேட்டால் சொல்லத் தயங்குவார்கள். முடியை வகிர்ந்து பார்க்கக் குனிந்தால் வெங்காய வாசனை வந்துவிடும். இதற்காக நான் யாரையும் கடிந்துகொள்வதில்லை, வீட்டு வைத்தியம் எல்லாமே வீண் என்று நினைக்கிற ஆளும் இல்லை. முடிக்குச் செய்ய வேண்டியதைத் தலைத்தோலுக்குச் செய்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

கண்ணுக்குத் தெரிகிற முடி உயிரில்லாத பொருள். உயிர் இருப்பது தோலுக்குள் புதைந்திருக்கும் வேரில். வெளியே தடவுவது எதுவானாலும் அதிகபட்சம் பளபளப்பு கூடும், சிக்கு குறையும், பாதியில் உடைவது குறையும். இதுவும் சின்ன விஷயம் இல்லை. தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருக்கும் லாரிக் அமிலம் முடித்தண்டுக்கு உள்ளேயே ஊடுருவக்கூடியது. அலசும்போது முடி இழக்கும் புரதத்தை அது குறைப்பதாகவும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யவில்லை என்றும் 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே வறண்ட, சிக்கு விழும் முடி உள்ளவர்கள் தலைக்குக் குளிப்பதற்குச் சற்று முன்பு முடியின் நீளத்திலும் நுனியிலும் தடவிக்கொள்ளலாம். ஊறவைத்து அரைத்த வெந்தயத்தின் வழவழப்பும் கண்டிஷனர் மாதிரி வேலை செய்யும். முட்டையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதன் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. மேலே ஒட்டி, கழுவினால் போய்விடும், அவ்வளவுதான்.

இப்போது பொடுகுக்கு வருவோம். "தலை வறண்டுபோய் செதில் செதிலாகக் கொட்டுது டாக்டர், அதான் தினமும் ராத்திரி எண்ணெய் வைக்கிறேன்" என்பார்கள். பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது, நம் தலைத்தோல் சுரக்கும் எண்ணெயைத்தான் நம்பியிருக்கிறது. அந்த எண்ணெயை உடைத்துத் தின்னும்போது ஒலீயிக் அமிலம் போன்றவை மிஞ்சுகின்றன. இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் எரிச்சலடைந்து, செல்கள் அவசர அவசரமாக உதிர்கின்றன. அதுதான் தோளில் விழும் வெள்ளைத்தூள். ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு இந்த ஒலீயிக் அமிலம்தான். அதைப் பொடுகுத் தலையில் ஊறவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் எண்ணெய் வைத்ததும் பொடுகு குறைந்த மாதிரி தெரிகிறது? செதில்களை எண்ணெய் தோலோடு ஒட்டிவைத்துவிடுகிறது, அதனால் கொட்டுவதில்லை. முடியை வகிர்ந்து நகத்தால் லேசாகச் சுரண்டினால் மஞ்சளாக, பிசுபிசுப்பாகப் படை படையாக வரும், அடியில் தோல் சிவந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு திரும்பிவிடும், இவர்களும் மறுபடி எண்ணெய் வைப்பார்கள்.

எலுமிச்சைச் சாறு இன்னொரு பிரபலம். அதன் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 2-ஐ ஒட்டியது, தோலின் மேற்பரப்போ 5.5-க்குப் பக்கம். சொறிந்து புண்ணான தலையில் அதைத் தேய்ப்பது தண்டனை. கூடவே வெயிலிலும் போனால் நெற்றி, காது ஓரங்களில் கொப்புளமும் கருமையும் வரலாம். இயற்கையானதுதான் வேண்டும் என்பவர்களுக்கு டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சொல்லலாம். 5 சதவீதம் அது கலந்த ஷாம்பூவை 126 பேரிடம் 4 வாரம் சோதித்ததில் பொடுகு 41 சதவீதம் குறைந்தது, வெறும் ஷாம்பூ போட்டவர்களுக்கு 11 சதவீதம். ஆனால் புட்டியிலிருந்து அப்படியே தலையில் ஊற்றாதீர்கள், ஒவ்வாமை வரும். என் முதல் தேர்வு, பூஞ்சைக்கு எதிரான மருந்தான கீட்டோகோனசோல் 2 சதவீதம் உள்ள ஷாம்பூதான். வாரம் இரண்டு முறை, தலைத்தோலில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். போட்ட உடனே கழுவிவிட்டு "கேட்கவே இல்லை" என்பவர்கள்தான் அதிகம்.

முடி உதிர்வுக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக் கவரில் உதிர்ந்த முடியைக் கொண்டுவருவதுண்டு. நுனியில் இருக்கும் வெள்ளைப் புள்ளியைக் காட்டி "வேரோடு வந்துடுச்சு" என்று பயப்படுவார்கள். அது வேர் இல்லை. வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி அப்படித்தான் இருக்கும், வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை கொட்டுவது இயல்பு.

கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற டயட் இவற்றுக்குப் பிறகு ஏராளமான முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், 2, 3 மாதம் கழித்துக் கொத்தாக உதிரும். அதற்குள் காய்ச்சலே மறந்துபோயிருக்கும். வேறு குறை இல்லையென்றால் சுமார் 6 மாதத்தில் இது தானாகவே நின்றுவிடும். அந்தச் சமயத்தில் தலையில் எது இருந்ததோ, பெயர் அதற்குப் போகும்! நிற்காமல் தொடர்ந்தால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். அவை ரத்தத்தில் உள்ள குறைகள், தலையில் தேய்த்துச் சரியாகாது.

வெங்காயச் சாறு விஷயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டில் அது உதவியதாக 2002-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஆனால் சின்னப் புழுவெட்டு சிகிச்சை இல்லாமலும் பல நேரம் நிரம்பிவிடும், பரம்பரை வழுக்கைக்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தம் இல்லை. சாறு பட்டுத் தோல் வெந்துபோய் வருகிறவர்களையும் பார்க்கிறேன்.

பேனுக்கு நல்ல வீட்டு வைத்தியம் சீப்புதான். ஈரத்தலையில் கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை, 3, 4 நாளுக்கு ஒருமுறை, குறைந்தது 2 வாரம் வாருங்கள். ஈர் (பேன் முட்டை) பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தீ விபத்து நடக்கும். குழந்தைகள் தலையில் கற்பூரமும் வேண்டாம், வாய்க்குள் போனால் வலிப்பு வரும்.

மருதாணியில் ஒரு எச்சரிக்கை. அசல் மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். கருகருவென்று பிடித்தால் வேறு ஏதோ கலந்திருக்கிறது, பல நேரம் அது பி.பி.டி. என்ற சாயம். அதனால் முகம் வீங்கி வந்தவர்கள் உண்டு.

குழந்தையின் தலையில் திட்டுத் திட்டாக முடி ஒடிந்து செதில் இருந்தால், அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மாத்திரை தேவை, வெளிப்பூச்சு போதாது. சீழ், வலி, முடித்துளைகளே மறைந்து வழவழப்பான தோல், நெற்றிவரை இறங்கும் வெள்ளிநிறச் செதில் என எது இருந்தாலும் வீட்டில் நாள் கடத்தாதீர்கள். வருகிற அன்று தலையில் எண்ணெய் வேண்டாம், செதில் தெரியாது. அப்புறம், தேய்த்த பொடி, புட்டி எதுவானாலும் கையோடு எடுத்து வாருங்கள், திட்ட மாட்டேன்.