சுற்றும் முன் ஃபேன் ஏன் தயங்குகிறது?

புதிதாக பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடுவது) மாட்டியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: "சுவிட்சைப் போட்டதும் இறக்கை கொஞ்சம் பின்னால் போகிறது, அப்புறம் முன்னால் வருகிறது. ஓரிரு விநாடி ஆடிவிட்டுத்தான் சுற்றத் தொடங்குகிறது. பழைய ஃபேன் இப்படிச் செய்ததே இல்லை. கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா?"

வேண்டாம், அது பழுதல்ல. தன் காந்தம் எங்கே நிற்கிறது என்று மோட்டார் தேடும் நேரம் அது.

பழைய ஃபேனுக்கு இந்தத் தேடல் தேவைப்படவில்லை. நடுவில் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் சுழலும் காந்தப்புலம் உண்டாகும். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸை வைத்துக்கொண்டு புலத்தைச் சுழற்றத்தான் அந்த 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர். வெளியே இறக்கைகளோடு சேர்ந்து சுற்றும் ரோட்டாரில் காந்தம் கிடையாது. புலம் அதைக் கடந்து ஓடும்போது அதற்குள் மின்னோட்டம் தூண்டப்படும். அந்த மின்னோட்டம்தான் ரோட்டாரைக் காந்தமாக்கி இழுத்துச் செல்கிறது. எந்த நிலையில் நின்றாலும் கிளம்பிவிடும். ஆனால் தூண்டல் நடக்க வேண்டுமென்றால் ரோட்டார் புலத்தைவிடப் பின்தங்கியே ஓட வேண்டும். 14 துருவ ஸ்டேட்டரில் 50 ஹெர்ட்ஸ் புலம் நிமிடத்துக்கு 428 சுற்று ஓடும். இறக்கை 360 சுற்றில் போகிறது என்றால், ரோட்டாருக்குச் சென்ற ஆற்றலில் 16 சதவீதம் அங்கேயே சூடாகிப் போகிறது. ஓடி நின்ற பழைய ஃபேனின் மோட்டார் கூடு சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி.எல்.டி.சி. ஃபேனில் ரோட்டாரின் உட்சுவரிலேயே காந்தங்கள் இருக்கின்றன, வடக்கும் தெற்கும் மாறி மாறி. ரோட்டாரில் மின்னோட்டத்தைத் தூண்ட வேண்டியதில்லை என்பதால் அந்த இழப்பும் இல்லை. 230 வோல்ட் ஏ.சி. முதலில் டி.சி.யாகிறது, பிறகு மாஸ்ஃபெட் எனப்படும் ஆறு மின்னணுச் சுவிட்சுகள் வழியாக மூன்று காயில் தொகுதிகளுக்குப் பிரிந்து போகிறது. பழைய டி.சி. மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி உரசிச் செய்த வேலை இது. பிரஷுக்குப் பதில் மின்னணுச் சுவிட்சுகளால் ஓடும் டி.சி. மோட்டாரை வில்சன், டிரிக்கி என்ற பொறியாளர்கள் இருவரும் 1962-லேயே விவரித்துவிட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். காந்தத்துக்குச் சற்று முன்னே உள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்தால் அது முன்னால் இழுபடும். பின்னே உள்ளதில் பாய்ந்தால் பின்னால் போகும். ஆகவே எந்தத் தொகுதியை எப்போது இயக்குவது என்று முடிவுசெய்ய, காந்தம் இருக்கும் இடம் கட்டுப்பாட்டுச் சிப்புக்குத் தெரிந்தாக வேண்டும். காந்தப்புலத்தை உணரும் மூன்று ஹால் உணரிகளை மோட்டாருக்குள் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் அதற்குத் தனி வயர்கள் வேண்டும், செலவு கூடும், மோட்டாரின் சூட்டில் கெட்டுப்போக இன்னும் மூன்று பாகங்கள் சேரும்.

உணரியே இல்லாமல் இதைச் சமாளித்திருக்கிறார்களே, அதுதான் இந்த ஃபேனில் நான் மிகவும் ரசிக்கும் பகுதி. காயிலையே கண்ணாக்கிவிட்டார்கள்! மூன்று தொகுதிகளில் எந்த நேரமும் இரண்டில்தான் மின்னோட்டம் ஓடும். மூன்றாவது சும்மா இருக்கும். அதன் எதிரே காந்தம் கடந்து போகும்போது, பள்ளியில் படித்த ஃபாரடே விதிப்படி அதில் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. இதுதான் எதிர் மின்னியக்கு விசை, அதாவது எதிர் மின்னழுத்தம். இது பிளஸிலிருந்து மைனஸுக்கு மாறும்போது ஒரு கணம் பூஜ்யத்தைத் தொடும். காந்தத் துருவத்தின் நடுப்பகுதி அந்தக் காயிலுக்கு நேர் எதிரே வந்துவிட்ட கணம் அது. சிப் அதைக் குறித்துக்கொள்கிறது. முந்தைய பூஜ்யத்திலிருந்து இதுவரை எவ்வளவு நேரம் ஆனதோ அதில் பாதி நேரம் காத்திருந்து, அடுத்த ஜோடிக்கு மின்சாரத்தை மாற்றுகிறது. 10 துருவ ரோட்டார் 350 சுற்றில் ஓடினால் இந்த மாற்றம் விநாடிக்கு 175 முறை நடக்கும்.

ஆனால் காந்தம் நகர்ந்தால்தான் மின்னழுத்தம் பிறக்கும். நிற்கும் ஃபேனில் அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் சிப் தேடுவதற்குப் பதில், காந்தத்தைத் தனக்குத் தெரிந்த இடத்துக்கு வரவழைக்கிறது. ஏதேனும் ஒரு ஜோடிக் காயிலில் சிறிது நேரம் மின்சாரத்தை மாற்றாமல் பாயவிடும்; அருகிலுள்ள காந்தத் துருவம் அதற்கு நேரே வந்து நிற்கும். 10 துருவ ரோட்டார் என்றால் அதிகபட்சம் 36 டிகிரி நகர வேண்டியிருக்கும், முன்னாலோ பின்னாலோ. நீங்கள் பார்க்கும் பின்னோட்டம் இதுதான். 1200 மி.மீ. விட்டத்தில் சுற்றும் இறக்கைகளின் எடை காரணமாக, வந்த இடத்தில் சட்டென்று நிற்காமல் ஊஞ்சல்போல இரண்டு மூன்று முறை ஆடும். ஆட்டம் அடங்கும் முன் அவசரப்பட்டால் அடுத்த அடி தவறிவிடும், எனவே சிப் காத்திருக்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டே புலத்தை மெல்ல முன்னே நகர்த்துகிறது, காந்தம் பின்தொடர்கிறது. வேகம் கொஞ்சம் ஏறியதும் எதிர் மின்னழுத்தம் படிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். அந்தக் கணத்தில் சிப்புக்குக் கண் திறக்கிறது, ஃபேன் வேகம் பிடிக்கிறது.

அணைத்த கையோடு மீண்டும் போட்டால் பல ஃபேன்களில் இந்த ஆட்டம் இருக்காது. இறக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் மின்னழுத்தம் கிடைக்கிறது; அதைப் படித்து ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்கிறது.

மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவது. அது ஏ.சி. அலையை வெட்டியோ மின்னழுத்தத்தைக் குறைத்தோ அனுப்பும். ஃபேனுக்குள் உள்ள மின்னணு போர்டு முழு அலையை எதிர்பார்ப்பது; வெட்டுப்பட்ட அலை வந்தால் அதன் கண்டன்சர் அதிரடி மின்னோட்டத்தை இழுக்கும். ஃபேன் விட்டு விட்டு ஓடும், ரிமோட்டுக்குப் பணியாது, நாளடைவில் போர்டு எரியும். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கொண்டு ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் இரண்டு வயர்களையும் கனெக்டரில் இணைத்துவிடுங்கள். சுவிட்ச் இருக்கட்டும்.

மிச்சம் எவ்வளவு? பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 20 யூனிட், இரண்டு மாத பில்லில் 40 யூனிட். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமானதால், புதிய சாதாரண ஃபேனும் ஏறக்குறைய 50 வாட்டுக்கு இறங்கிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் மிச்சம் பாதிக்கும் கீழேதான். மர நிறம், மெல்லிய மோட்டார் கூடு எல்லாம் கண்ணுக்கு அழகு. ஆனால் லேபிளில் நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்ற எண்ணைப் பார்த்து, அதை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 2023-இல் குறியீடு கட்டாயமானபோது, 1200 மி.மீ. ஃபேனில் 6 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது.

பிளக்கில் செருகினால் கரன்ட் பில் பாதியாகும் என்று விற்கும் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கண்டன்சரும் ஒரு எல்.இ.டி.யும்தான். வீட்டு பில் யூனிட் கணக்கில் போடப்படுவது. கண்டன்சர் அதைக் குறைக்காது. உழைத்த காசை இப்படி ஏமாற்றிப் பறிப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

இனி, எந்த ஆட்டம் பழுது என்று பார்ப்போம். இரண்டு மூன்று விநாடியில் சுற்றத் தொடங்கினால் சரி. ஆடி, நின்று, மீண்டும் ஆடி, கடைசிவரை கிளம்பவில்லை என்றால் மூன்று காயில் வயர்களில் ஒன்று விட்டிருக்கலாம், அல்லது ஒரு மாஸ்ஃபெட் போயிருக்கலாம். கையால் தள்ளிக் கிளப்ப வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இறக்கையை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், பிறகு வேகமாக. எந்த வேகத்திலும் ஒரே மாதிரி இறுகி, உரசும் சத்தம் வந்தால் பேரிங். மெதுவாகச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போய், வேகமாகச் சுற்றினால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் தடுத்தால், மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது. சுற்றும் காந்தம் காயிலில் உண்டாக்கும் அதே எதிர் மின்னழுத்தம், ஷார்ட் வழியே மின்னோட்டமாக ஓடி பிரேக் பிடிக்கிறது. உறுதிசெய்ய, கண்டன்சரில் தேங்கிய மின்சாரம் வடிய ஐந்து நிமிடமாவது விட்டு, மெக்கானிக்கைக் கொண்டு போர்டிலிருந்து மூன்று வயர்களையும் பிரித்துவிட்டுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் சுற்றினால் மோட்டார் நலம். போர்டை மட்டும் மாற்றினால் போதும்.