ஐயாயிரம் வீடுகளுக்கு முன்னால் வர வேண்டியவை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லை வரும் வரை சாலையின் இருபுறமும் வண்ணக் கொடிகள் நட்ட மனைப்பிரிவுகள் தென்படும். இந்தப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையும் எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் வேலை தருவதால், அங்கே பணிபுரிவோர் குடியிருக்க இடம் தேவைப்படுகிறது. ஆனால் அந்த இடம் 40 மனை, 60 மனை என்று துண்டு துண்டாக உருவாகிறது. 60 மனைகள் என்றால் ஏறத்தாழ 240 பேர். மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டுதலின்படி 5,000 பேருக்கு ஒரு தொடக்கப்பள்ளி வேண்டும். எனவே அந்த மனைப்பிரிவுக்குப் பள்ளி தேவையில்லை; பக்கத்து மனைப்பிரிவுக்கும் தேவையில்லை; இருபது மனைப்பிரிவுகள் சேர்ந்து ஐயாயிரம் பேர் குடியேறிய பிறகு பள்ளி தேவைப்படும்போது, அதற்கென யாரும் நிலம் விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கியே தீர வேண்டும் என்கின்றன. அதற்குக் கீழே 3,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். அதற்கும் சிறியவற்றுக்கு அந்தக் கடமையே இல்லை. 1,200 சதுர அடி வீதம் 60 மனைகளைச் சாலைகளோடு சேர்த்துக் கணக்கிட்டால் 10,000 சதுர மீட்டருக்குச் சற்றே குறைவாக வரும். இது தற்செயலா என்பதை வாசகர் முடிவுக்கே விடலாம்.

இதற்கு மாறாக, 100 ஹெக்டேரில், அதாவது சுமார் 250 ஏக்கரில், 5,000 வீடுகளை ஒரே திட்டமாக அமைப்பதாகக் கொள்வோம். குடும்பத்துக்கு நான்கு பேர் வீதம் 20,000 பேர். குழாயின் விட்டம் முதல் வகுப்பறைகளின் எண்ணிக்கை வரை எல்லாம் இந்த எண்ணிலிருந்தே பிறக்கின்றன. ஆயினும் திட்டமிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது மக்கள்தொகையை அல்ல, மழைநீர் ஓடும் வழியை.

இந்தப் பகுதி ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து போக்குக்காலில் இறங்கி, அடுத்த ஏரியின் வரத்துக்காலாக மாறுகிறது. இடையிலுள்ள நெல்வயல்களும் நீர் தேக்கிகளே. 100 ஹெக்டேர் வயலில் வரப்புக்குள் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால், அது மட்டுமே ஒரு லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர். அதே நிலத்தில் கூரைகளும் தார்ச்சாலைகளும் வந்த பிறகு மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் விழும் நீர் 5 கோடி லிட்டர். திறந்த மண்ணில் அதில் ஐந்தில் ஒரு பங்கே ஓடி வெளியேறும் என்று எடுத்துக்கொண்டால் ஒரு கோடி லிட்டர். வீடுகள் நிறைந்த நிலத்தில் பத்தில் ஏழு பங்கு ஓடும் என்றால் மூன்றரைக் கோடி லிட்டர். அளவு கூடுவதோடு வேகமும் கூடுகிறது. முன்பு பல மணி நேரம் கசிந்து வந்த நீர், இப்போது சிமென்ட் வடிகாலில் சில நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடும்.

கூடுதலான அந்த இரண்டரைக் கோடி லிட்டரை ஒரு மணி நேரம் பிடித்து வைக்க, ஒன்றரை மீட்டர் ஆழமும் சுமார் 4 ஏக்கர் பரப்பும் கொண்ட பள்ளம் வேண்டும். அதன் வெளியேறும் வாயைக் குறுக்கி வைத்தால், குடியிருப்பு வருவதற்கு முன்பு போன அளவு நீர் மட்டுமே கீழே போகும். ஆண்டின் பெரும்பகுதி அது விளையாட்டு மைதானமாக இருக்கலாம். வடகிழக்குப் பருவமழையின் சில நாட்களில் மட்டும் குளமாகும். அடுத்த ஊரின் ஏரிக்கரை உடையாமலிருக்க இந்த 4 ஏக்கரே காப்பு. மனை விற்பவருக்கு அது விற்க முடியாத நிலம் என்பதால், முதலில் வெட்டுப்படுவதும் அதுவே.

எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஆரணியாறு ஆந்திரத்தில் தோன்றி, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுப் பகுதியை அடைகிறது. உள்ளூர் மழையும் பிச்சாட்டூரிலிருந்து திறந்துவிடப்படும் நீரும் ஒரே நாளில் வந்து சேரும்போதுதான் தாழ்வான பகுதிகள் மூழ்குகின்றன. ஆகவே எந்த நிலத்தை எவ்வளவு உயர்த்துவது என்ற கணக்கில், மறு மாநிலத்தில் நீர் திறக்கப்படும் அளவையும் சேர்க்க வேண்டும்.

கழிவுநீரின் கணக்கு வேறு வகையானது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலின்படி 20,000 பேருக்கு 27 லட்சம் லிட்டர் குடிநீர் வேண்டும். அதில் 80 விழுக்காடு, சுமார் 21.6 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். சராசரியாக நொடிக்கு 25 லிட்டர். எல்லோரும் குளித்துக் கிளம்பும் காலை நேரத்தில் மூன்று மடங்காக 75 லிட்டர். குழாயை அந்த உச்சத்துக்கேற்பவே வடிவமைக்க வேண்டும். ஆனால் திடக்கழிவு படியாமலிருக்க, உச்ச நேரத்திலாவது நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடவேண்டும். முதல் ஆண்டில் 200 குடும்பங்களே குடியேறியிருந்தால் அந்தப் பெரிய குழாயில் மெல்லிய ஓடைதான் ஓடும். கழிவு தங்கி அழுகும். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குழாயின் மேற்பகுதியில் அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இதே நிலைதான்: கழிவை உண்ணும் நுண்ணுயிர்களுக்குப் போதிய கழிவு வராவிட்டால் அவை பெருகுவதில்லை.

எனவே முதன்மைக் குழாயை முழு மக்கள்தொகைக்கும் ஒருமுறையே போட்டுவிட்டு, சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் மூன்று நான்கு பகுதிகளாகக் கட்ட வேண்டும். வீடுகளையும் 250 ஏக்கரில் சிதறவிடாமல், நிலையத்துக்கு அருகிலிருந்து வரிசையாக நிரப்ப வேண்டும். 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால் ஒரு கிலோமீட்டரில் குழாய் 4 மீட்டர் இறங்கிவிடும். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் கடலோரச் சமவெளியில் அவ்வளவு ஆழம் தோண்டுவது பெரும்பாடு. ஆகையால் இடையில் நீரேற்று நிலையங்களும் வேண்டும். இவற்றையெல்லாம் தவிர்த்து வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க் என்று விட்டால் செலவு மறைவதில்லை, கழிவுநீர் லாரியின் கட்டணமாகவும் கெட்டுப்போன கிணறாகவும் வந்து சேரும்.

குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறு போதும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. ஊத்துக்கோட்டை அருகே எல்லையைக் கடக்கும் கிருஷ்ணா நீர் கண்முன்னே ஓடினாலும், அது பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சென்னையின் தாகம் தீர்க்க வந்த நீர். 12,000 லிட்டர் லாரிகளை நம்பினால், அந்த 27 லட்சம் லிட்டருக்கு நாள்தோறும் 225 லாரிகள் வர வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து எழுத்துப்பூர்வமான ஒதுக்கீடு கிடைக்கும் வரை முதல் வீட்டுக்கு அடிக்கல் நாட்டக்கூடாது.

பள்ளிக் கணக்கு எளிதாகத் தோன்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஆறு வயது வரையுள்ளோர் சுமார் 10 விழுக்காடு. ஒரு வயதுக்கு ஒன்றரை விழுக்காடு வீதம் 20,000 பேரில் 300 குழந்தைகள். ஐந்து வகுப்புகளுக்கு 1,500 பேர். 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் 50 வகுப்பறைகள். ஆனால் புதிய குடியிருப்புக்கு வருவோர் மாநிலச் சராசரி மக்கள் அல்லர். கடன் வாங்கி முதல் வீடு வாங்கும் இளம் தம்பதியரே மிகுதி. அவர்களின் குழந்தைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறப்பதால், முதலில் அங்கன்வாடி நிரம்பி வழியும். ஐந்தாறு ஆண்டுகளில் தொடக்கப்பள்ளி. அதற்குப் பின் மேல்நிலைப்பள்ளி. இந்த அலை கடந்ததும் வகுப்பறைகள் காலியாகும். ஆகவே நிலத்தை உச்சத்துக்கு ஒதுக்கி, கட்டடத்தைப் பகுதி பகுதியாக எழுப்பி, பின்னாளில் முதியோர் மையமாகவோ நூலகமாகவோ மாற்ற ஏதுவாக அமைப்பதே நல்ல திட்டம். தெலுங்கு பேசும் குடும்பங்களும் வாழும் வட்டாரம் என்பதால், எந்தெந்த மொழியில் எத்தனை பிரிவுகள் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

பள்ளி எங்கே அமைய வேண்டும் என்பதற்கு, அமெரிக்கத் திட்ட வல்லுநர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் முன்வைத்த கருத்து இன்றும் பயன்படுகிறது: நடுவில் பள்ளி, சுமார் 400 மீட்டர் நடை, பெருஞ்சாலை குடியிருப்பின் ஓரத்தில் மட்டும். ஆனால் நடைத்தூரம் நேர்க்கோட்டில் அளக்கப்படுவதில்லை. ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் எல்லையில் சுவர் எழுப்பிச் சாலையை அடைத்துக்கொண்டால், 300 மீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு நெடுஞ்சாலையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். பக்கத்து நிலத்தோடு இணையும் சாலையை வரைபடத்திலேயே திறந்து வைக்க ஒரு ரூபாய் செலவில்லை.

இவ்வளவும் முடிந்தபின் சாலைகளும் திறந்தவெளியும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி அமைப்பின் பெயருக்கு மாறும். ஆனால் நீரேற்று நிலையத்தின் மின்கட்டணத்தையும் மழைநீர்ப் பள்ளத்தில் தூர் வாரும் செலவையும் ஆண்டுதோறும் எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்பதை அந்தப் பத்திரம் சொல்வதில்லை. அதனால் அச்செலவின் பட்டியலை, மனைகளுக்கு விலை குறிக்கும் முன்பே ஊராட்சியோடு அமர்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.