ஆயாம்மாவை நாம் எப்படி அழைக்கிறோம்?

பள்ளிகளில் பணியாளர் பயிற்சிக்குப் போகும்போது, முன்மாதிரி என்று சொன்னதும் ஆசிரியர்கள் தங்கள் உடை, நேரந்தவறாமை, வகுப்பறையில் பேசும் மொழி ஆகியவற்றைப் பற்றியே பேசத் தொடங்குகிறார்கள். அவை தேவையானவைதாம். ஆனால் பள்ளி மனநல ஆலோசகராகப் பிள்ளைகளோடு தனியே பேசும்போது, அவர்கள் சொல்வது வேறு வகையான செய்திகளாக இருக்கிறது. எந்த டீச்சர் எந்த டீச்சரோடு பேசுவதில்லை, ஹெச்.எம். அறைக்குள் போகுமுன் வாட்ச்மேன் அண்ணா செருப்பைக் கழற்றுகிறாரா, சத்துணவுக்கூட அக்காவுக்கு எந்த டம்ளரில் தேநீர் போகிறது என்பதெல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. பெரியவர்கள் தன்னை நடத்தும் விதத்தை மட்டும் குழந்தை பார்ப்பதில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் நடத்தும் விதத்தையும், அதிலும் பதவியில் மேலிருப்பவர் கீழிருப்பவரை நடத்தும் விதத்தையும், அதே அளவு கூர்மையாகப் பார்க்கிறது. பள்ளிகள் மிகக் குறைவாக யோசிக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

குழந்தைகள் பார்த்துக் கற்கிறார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதையும் திட்டுவதையும் பார்த்த சிறு குழந்தைகள், பின்னர் அந்த அடியையும் அந்த வசவையும் அப்படியே திரும்பச் செய்தார்கள். இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பள்ளிகளுக்கு இன்னும் பயன்படக்கூடியவை அதையடுத்து அவர்கள் செய்த ஆய்வுகள். 1963-இல் வெளிவந்த ஒன்றில், விளையாட்டுப் பொருள்களைப் பங்கிடும் அதிகாரம் உள்ள பெரியவரையும், அவரிடமிருந்து அவற்றைப் பெறும் பெரியவரையும் சேர்ந்தே பார்த்த பிள்ளைகள், அதிகாரம் உள்ளவரின் நடத்தையையே அதிகம் பின்பற்றினார்கள். 1965-இல் வெளிவந்த மற்றொன்றில், பொம்மையை அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் அவரைப் போலச் செய்யத் தயங்கினார்கள். ஆனால், பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும் மற்றவர்களுக்குச் சற்றும் குறையாமல் செய்துகாட்டினார்கள். ஒரு பிள்ளை இன்று செய்யவில்லை என்பதால் அது கற்றுக்கொள்ளவில்லை என்று நாம் நிம்மதியடைய முடியாது.

வகுப்பாசிரியர் தூய்மைப் பணியாளரைப் பிள்ளைகள் முன்னால் அதட்டும்போது அங்கே இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை யாராக இருக்க விரும்பும் என்பதை ஊகிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை.

பாட்டியை மதிப்பதில்லை என்ற புகாரோடு எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பாட்டியை விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறான், "இங்க வா, இதை எடு" என்கிறான். கைப்பேசியில் பார்க்கும் காணொளிகளால்தான் இப்படி ஆகிவிட்டான் என்பது பெற்றோரின் முடிவு. பள்ளிக்கூட விளையாட்டு விளையாடலாம் என்றபோது அவன் தன்னை டீச்சராகவும் என்னை ஆயாம்மாவாகவும் வைத்துக்கொண்டான். தரையில் தண்ணீர் சிந்தியதாகப் பாவனை செய்து, விரலைச் சொடுக்கி, அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினான். வேலை முடியும் வரை என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவனுடைய வகுப்பாசிரியை பிள்ளைகளிடம் மிகுந்த அன்புள்ளவர், அந்தப் பள்ளியில் பெயர் பெற்றவர். அவருடைய அனுமதியோடு வகுப்பைக் கவனித்தபோது, பிள்ளைகளைக் "கண்ணு", "தங்கம்" என்று அழைக்கும் அதே குரல், தன்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்த ஆயாம்மாவிடம் மட்டும் வேறாக ஒலித்தது. சுட்டிக்காட்டியபோது அவரே திகைத்துப்போனார், ஏனெனில் அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பள்ளியில் எல்லாரும் அப்படித்தான் பேசி வந்திருக்கிறார்கள். பெயரோடு "அம்மா" சேர்த்து அழைப்பது, வேலை சொல்லும்போது முகம் பார்த்துச் சொல்வது, முடிந்ததும் நன்றி சொல்வது என்று அவர் மாற்றிக்கொண்டார். சிறுவன் உடனே மாறிவிடவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் பேசும் தொனியைப் பெற்றோரும் மாற்ற வேண்டியிருந்தது. அது ஆசிரியையை மாற்றுவதைவிடக் கடினமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கற்றல் மிக அடர்த்தியாக நடக்கும் இடம் சாப்பாட்டுப் பந்தி. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவும் பசியைத் தீர்க்க வந்தவை. அதோடு, எல்லாப் பிள்ளைகளும் ஒருவர் கையால் சமைத்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் வழக்கத்தையும் அவை கொண்டுவந்தன. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சிலர் தொடவில்லை என்ற செய்தி வந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த மறுப்பு பிள்ளைகளாகக் கண்டுபிடித்ததல்ல, வீட்டிலிருந்து வந்தது. வீட்டிலிருந்து வருவதற்கு மாற்றாக ஒன்றைப் பிள்ளை நாள்தோறும் பார்க்கக்கூடிய இடம் பள்ளி மட்டுமே. அமைச்சர் ஒருநாள் செய்ததை ஆசிரியர் ஆண்டு முழுவதும் செய்ய முடியும். மதிய உணவுத் திட்ட வழிகாட்டுதல்கள், பரிமாறுமுன் குறைந்தது ஓர் ஆசிரியராவது உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்கின்றன. பல பள்ளிகளில் இது ஒரு கரண்டி சாம்பாரும் பதிவேட்டில் ஒரு கையெழுத்துமாக ஆசிரியர் ஓய்வறையிலேயே முடிந்துவிடுகிறது. அதே சுவைத்தலைச் சமையற்கூட வாசலில், வரிசையில் நிற்கும் பிள்ளைகள் காண, சமையலரிடம் "இன்றைக்குக் கூட்டு நன்றாக இருக்கிறதம்மா" என்று சொல்லிச் செய்தால், செலவில்லாமல் அது ஒரு பாடமாகிவிடும்.

இதற்கு நேர்மாறானது, கழிப்பறை கழுவுவதைப் பிள்ளைகளுக்குத் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தத் தண்டனையைப் பார்த்து நிற்கும் மற்ற நாற்பது பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். தவறு செய்தவர் செய்ய வேண்டிய வேலை இது என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. மறுநாள் காலையில் அதே வேலையைச் செய்ய வரும் பெண்ணைப் பற்றியும் அங்கேயே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தண்டனைக்கு எந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதிப் பகையால் உடன்படிக்கும் மாணவர்களால் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. ஆனாலும் மாணவர்களிடையே எழும் வன்முறையைப் பற்றிப் பேசும் அறிக்கை பெரியவர்களின் பக்கமும் திரும்பியது சரியானது என்றே நினைக்கிறேன்.

நீதிபோதனை வகுப்புகளால் இதை ஈடுகட்டிவிடலாம் என்று சில நிர்வாகங்கள் நம்புகின்றன. பிரையன், வால்பெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970-இல் வெளியிட்ட ஆய்வொன்றை அவர்களுக்குச் சொல்வதுண்டு. விளையாட்டில் வென்றதை ஏழைக் குழந்தைகளோடு பகிர்வதைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதும் செய்ததும் அதில் மாற்றி மாற்றி அமைக்கப்பட்டன. பிள்ளைகள் கொடுத்ததும் கொடுக்காததும் பெரியவர் செய்ததையே ஒட்டி இருந்தன. பெரியவரின் பேச்சு பிள்ளைகளின் பேச்சை மட்டுமே மாற்றியது. ஆகவே, சாலைப் பாதுகாப்பு வாரத்தில் உறுதிமொழி வாசித்துவிட்டுத் தலைக்கவசம் இல்லாமல் வண்டியை எடுக்கும் ஆசிரியரிடமிருந்து, உறுதிமொழியை மனப்பாடமாகச் சொல்லவும் தலைக்கவசம் இல்லாமல் போகவும் பிள்ளைகள் ஒருசேரக் கற்கிறார்கள். கல்வி நிறுவனங்களிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும்போது, வாசலுக்கு எதிர்க்கடையில் வாங்கிப் புகைக்கும் பணியாளரைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

பெரியவர்களுக்குள் பிணக்கே வரக் கூடாது என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தாமதமாக வந்த ஆசிரியரைத் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் கடிந்துகொண்டால், அதைத் தனியறையில் சொல்லியிருக்கலாம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. அதே பிள்ளைகள் பார்க்கும்படி அதைச் சரிசெய்யவும் வேண்டும். அவமதிப்பு பலர் முன்னும் வருத்தம் தெரிவித்தல் மூடிய கதவுக்குப் பின்னும் நடந்தால், பிள்ளைகளுக்கு முதல் பாதி மட்டுமே போய்ச் சேரும். "நேற்று நான் குரல் உயர்த்தியது சரியில்லை" என்று ஓர் ஆசிரியர் தூய்மைப் பணியாளரிடம் வகுப்பறையில் வைத்தே சொல்வதால் அவருடைய அதிகாரம் குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் குறைந்த பள்ளி எதையும் நான் பார்த்ததில்லை.

மரியாதை என்பது கீழ்ப்படிதல் அல்ல என்பதையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். டிரைவர் அண்ணனானாலும், பி.டி. சாரானாலும், தலைமையாசிரியரே ஆனாலும், தன்னைச் சங்கடப்படுத்தும் தொடுதலையோ பேச்சையோ மறுத்து வீட்டில் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. 1098, 14417 ஆகிய உதவி எண்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணியாளர் எல்லாருக்கும் ஒரே எல்லை வகுப்பதும் சமத்துவத்தின் ஒரு பகுதியே. சந்தேகத்தை வாட்ச்மேன் மீது மட்டும் திருப்பிவிட்டு, ஆசிரியர்களை விலக்கி வைக்கும் பள்ளிகள் இங்கேயும் தவறான பாடத்தையே நடத்துகின்றன.

ஆசிரியர் அல்லாத பணியாளர்களும் முன்மாதிரிகளே. ஆட்டோவில் ஏறும் பிள்ளையிடம் ஓட்டுநர் பேசும் சொற்களும், பாத்திரம் தேய்க்குமுன் சமையல் உதவியாளர் கைகழுவும் முறையும் கூடப் பார்க்கப்படுகின்றன. இருந்தும், பயிற்சி என்றால் நாற்காலிகள் ஆசிரியர்களுக்கு மட்டுமே போடப்படுகின்றன. மற்றவர்கள் தேநீர் கொண்டுவரும்போதுதான் அந்த அறைக்குள் நுழைகிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் நடத்தும் முதல் பயிற்சியில் எல்லாரையும் சேர்த்து உட்கார வைக்கும்படி நான் போகும் பள்ளிகளில் கேட்டுக்கொள்கிறேன். நேரத்தைத் தலைமையாசிரியர் தம் வசதிப்படி குறிக்காமல், சமையலர்களுக்கு வேலை ஓயும் பிற்பகலில் வைக்க வேண்டும். சொற்ப மாத ஊதியத்தில் காலையில் மட்டும் வந்துபோகும் தூய்மைப் பணியாளரை வரச் சொன்னால், அந்த இரண்டு மணி நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டும். அன்றைக்குத் தேநீரை யார் கொண்டுவருவது என்பதை முந்தைய நாளே முடிவு செய்துவிடுவது நல்லது.