எண்ணூர் இறாலுக்கு மூச்சுக்காற்று எங்கிருந்து வருகிறது?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில், தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. அந்த இறாலுக்கு அங்கே உப்புக்குப் பஞ்சமில்லை. ஆக்ஸிஜனுக்குத்தான் பஞ்சம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தண்ணீர் மூலக்கூறின் வளைந்த உருவம்.

அதில் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஏறத்தாழ 104.5 டிகிரிக் கோணத்தில் இருக்கின்றன. எலக்ட்ரான்களை ஆக்ஸிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்தில் சற்று எதிர்மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கத்தில் நேர்மின்னூட்டம். எனவே ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. நொடியில் லட்சம் கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும். அறுந்ததும் வேறொன்று உருவாகிவிடும்.

உப்பின் அயனிகளுக்கு மின்னூட்டம் உண்டு. தண்ணீர் அவற்றைச் சூழ்ந்து பிரித்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பது அப்படித்தான். ஆக்ஸிஜன் வாயுவுக்கோ நேர்ப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று எதுவும் இல்லை. பற்றிக்கொள்ளப் பிடியில்லாததால் மிகக் கொஞ்சமே கரைகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் உண்டு. அதே காற்றோடு உறவாடும் ஒரு லிட்டர் நன்னீரில் 7.5 மில்லிகிராம்தான். உப்புநீரில் இன்னும் குறைவு.

நம் ரத்தத்துக்கும் இதே சிக்கல்தான். ஒரு லிட்டர் ரத்தத்தில் வெறுமனே கரைந்து போகும் ஆக்ஸிஜன் சுமார் 3 மில்லிலிட்டர். ஹீமோகுளோபின் சுமப்பதால்தான் அது 200 மில்லிலிட்டரை எட்டுகிறது. இறாலிலும் நண்டிலும் இரும்புக்குப் பதில் செம்பு உள்ள ஹீமோசயனின் அந்த வேலையைச் செய்கிறது. ஆக்ஸிஜன் ஏறியதும் அது நீலமாகும். காசிமேட்டில் உயிரோடு வாங்கும் நண்டுக்குள் ஓடுவது நீல ரத்தம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுத்தது வெப்பம். மே மாத மதியம் திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பக்கத்திலேயே அலை குளிர்ந்து கிடக்கும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். தண்ணீருக்கு வரும் வெப்பத்தில் கணிசமான பகுதி அந்த ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் கடல் உயிர்கள் அதிர்ச்சியில்லாமல் வாழ்வது இதனால்தான்.

அந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. அனல்மின் நிலையங்களைக் குளிர்வித்த வெந்நீர் கழிமுகத்தில் விடப்படுவதை எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் பக்கம் இயற்பியல் நிற்கிறது. 35 டிகிரியில் நன்னீரில் நிற்கும் ஆக்ஸிஜன் 6.9 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே சூட்டில் மீனுக்கும் இறாலுக்கும் உடலியக்கம் வேகமெடுத்து ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது. வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது.

எண்ணெய்க்கும் மின்னூட்டப் பக்கங்கள் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடுகின்றன; எடை குறைந்த எண்ணெய் மேலே படலமாகப் பரவுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் கண்டது இதைத்தான். படகு, வலை, வீட்டுச்சுவர் எல்லாம் கறுத்தன. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள்.

அங்குள்ள அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு சிறு துளைகள் வழியே காற்றை உள்ளிழுப்பவை. ஓதம் இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகளை அடைக்கிறது. மேற்பரப்பு தெளிந்துவிட்டதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. வேரிலும் சேற்றிலும் படிந்ததைத் தண்ணீர் கரைக்காது. எத்தனை ஓதம் ஏறி இறங்கினாலும் அது எளிதில் கழுவிக்கொண்டு போகாது.