சோம்பேறி என்று சொல்லாதீர்கள், கோபம் வருகிறது

இந்த மாதத்தில் இந்தப் புகார் என்னிடம் வருவது இது நான்காவது தடவை. தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு ஓர் அம்மா வந்தார். முந்தானை முடிச்சில் மகனுடைய பரீட்சை அனுமதி அட்டை.

"வருசா வருசம் விண்ணப்பம் போடுறான் மிஸ், காசும் கட்டுறான். அன்னைக்குக் காலையில மட்டும் வயித்துவலின்னு படுத்துக்கிறான். சரியான சோம்பேறி."

மகனுக்கு வயது 23. சாதாரண தரப் (O/L) பரீட்சையில் கணிதம் மட்டும் பாக்கி. (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் உளவளத் துணையாளராக இருக்கும் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். சோம்பேறி எதற்கு வருடம் தவறாமல் காசு கட்டப் போகிறான்? பழைய வினாத்தாளைத் தேடி ஏன் பஸ் ஏறப் போகிறான்? சோம்பேறிக்கு நன்றாகத் தூக்கம் வரும். இந்தப் பையனோ பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே தூக்கத்தைத் தொலைத்துவிடுகிறான். வயிற்றுவலியும் நடிப்பில்லை, உண்மையாகவே வலிக்கிறது. அவனுக்கு இருப்பது பயம். பரீட்சையைவிடப் பெறுபேறு வரும் நாளை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறான்.

பேசப் பேச, வழக்கம்போல, கதை தரம் ஐந்துக்குப் போனது. புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அப்பா லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்று கத்தியிருக்கிறார்: "நீ கவ்வாத்துக் கத்தியோட மலைக்குத்தான்டா போவ!" தேயிலைச் செடி வெட்டும் கத்தி அது. லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர்தான். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய அடுத்த காம்பரா (வீட்டு) பிள்ளைக்குப் படம் போட்டுப் பதாகை கட்டினார்கள். தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு (பொதுக் குழாயடிக்கு) போகும்போதெல்லாம் இவன் அதைக் கடந்துதான் போகவேண்டும். வயது பத்து.

இதில் என்னை அதிகம் வாட்டுவது, அவன் 'பெயில்' ஆகவே இல்லை என்பதுதான். வெட்டுப்புள்ளி தேர்ச்சிப் புள்ளி அல்ல. எத்தனை தடவை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை. பிரபல பாடசாலைகளில் இடம் கொஞ்சம், உதவிப்பணமும் கொஞ்சம். அதைப் பங்கிடப் போட்ட கோடு அது. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். ஒரு மாவட்டத்தில் கோட்டுக்கு மேலே நிற்கும் புள்ளி, இன்னொரு மாவட்டத்தில் கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம். பிள்ளையின் மூளை மாவட்ட எல்லையைத் தாண்டியதும் மாறிவிடுமா?

சரி, சோம்பேறிக்கு வருவோம். ஒரு பையனுக்கு முன்னால் இரண்டு பட்டங்கள் இருக்கின்றன: 'மக்கு', 'சோம்பேறி'. எழுதித் தோற்றால் மக்கு. எழுதாமலே இருந்தால் சோம்பேறி. "படிச்சா வருவான், படிக்கிறதில்ல" என்பார்கள். நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்? 1978இல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். விடையே இல்லாத கேள்விகளை மாணவர்களுக்குக் கொடுத்து, பிரமாதமாகச் செய்தீர்கள் என்று சொன்னார்கள். அடுத்த சோதனைக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். ஆண்களில் பெரும்பாலோர் தங்கள் திறமையைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட மருந்தையே எடுத்தார்கள். தோற்றால் பழியை மருந்தின் மேல் போடலாம் அல்லவா? நம் பையனுக்கு அந்த மருந்துதான் வயிற்றுவலி. நீங்கள் சோம்பேறி என்று திட்டும் ஒவ்வொரு தடவையும் அவன் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறீர்கள்.

இந்தப் பயத்தோடே வளர்ந்து பெரியவர்களானவர்களுக்கு ஒன்று: தன்னம்பிக்கை வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள், அது வராது. பயத்தோடேயே போகவேண்டும், ஆனால் சின்னச் சின்னதாக. அந்தப் பையனிடம் முதல் வாரம் பழைய வினாத்தாளில் ஐந்தே கணக்கு, அதுவும் தப்பாகவே செய்து வரச் சொன்னேன். முறைத்தான். பிறகு நேரம் வைத்து முழுத்தாள். தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறான் என்பதையும், முடிந்தபின் உண்மையில் நடந்ததையும் கொப்பியில் எழுதவேண்டும். 31 புள்ளி வந்தது. "வானம் இடிஞ்சு விழும்னு எழுதியிருந்தேன் மிஸ்" என்று அவனே சிரித்தான். அடுத்து, பரீட்சை மண்டபத்துக் கேட் வரை சும்மா போய்விட்டு வரவேண்டும்.

வலிகளை முதலில் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளை வாசிக்கவே தடுமாறினால் கண்ணைச் சோதியுங்கள். பாதிப் பேருக்கு அதைக்கூட யாரும் செய்திருப்பதில்லை. பெறுபேறு வரும் நாளில் முதலில் சோறு போடுங்கள், பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காம்பராவோடு ஒப்பிடாதீர்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு பிள்ளை வாயில் வந்தால் சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அன்றைக்கே அழையுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

போன வாரம் அந்த அப்பாவும் வந்தார். மகனிடம் மன்னிப்புக் கேட்கவா என்றார். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம், பரீட்சை அன்று ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் கூடப் போங்கள் என்றேன். வழியில் பரீட்சையைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதரால் முடியுமா தெரியவில்லை.